விண்வெளித் தொலைநோக்கிக்குக் காவல்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் பேசும்போது, "அண்ணே, நீங்க பெங்களூருல என்ன வேலை பாத்தீங்கன்னு நம்ம பசங்களுக்குப் புரியிற மாதிரி அரை மணி நேரம் பேசுங்க" என்றார். என் மனைவிக்கே முப்பது வருஷமாகப் புரியாத விஷயம் அது. "ராத்திரி ஷிப்டுக்குப் போய் டி.வி. மாதிரி ஒண்ணைப் பாத்துட்டு வர்றாரு" என்றுதான் உறவுக்காரர்களிடம் சொல்வாள். அதில் ஒன்றும் தப்பில்லை. செயற்கைக்கோள் மேலே போன பிறகு அதன் உடல்நிலையைக் கண்காணிப்பதுதான் என் வேலை. என் காலம் பெரும்பாலும் பூமியைப் படம் எடுக்கும் செயற்கைக்கோள்களோடு கழிந்தது. ஆனால் இன்றைக்கு நான் பேசப் போவது அதைவிடக் கடினமான ஒரு காவலைப் பற்றி. நம் நாட்டின் விண்வெளித் தொலைநோக்கியான அஸ்ட்ரோசாட்டைப் பற்றி. அது என் கையில் வளர்ந்த பிள்ளை அல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளை. அதனால்தான் கூச்சமில்லாமல் பெருமை பேசலாம்.

போன மாதம் ஒரு பள்ளியில் பேசப் போனபோது ஒரு பையன் கேட்டான்: "சார், ராக்கெட் விடுறது பெருமை. விட்டப்புறம் அதை உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கிறதுல என்ன சார் இருக்கு?" நியாயமான கேள்வி. இந்த அரை மணி நேரமும் அதற்குப் பதில்தான்.

ஏன் மேலே போக வேண்டும்?

நம் தமிழ்நாட்டிலேயே நல்ல தொலைநோக்கிகள் இருக்கின்றன. கொடைக்கானலில் சூரியனைப் பார்க்கும் ஆய்வுக்கூடம் 1899-ல் வந்தது. ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986-லிருந்து இருக்கிறது. பிறகு எதற்கு விண்வெளிக்குப் போக வேண்டும்?

காரணம், நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று. அது எக்ஸ் கதிரைக் கீழே விடாது. புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியையும் விடாது. விட்டால் நாம் உயிரோடு இருக்க மாட்டோம் என்பது வேறு விஷயம். ஆனால் கருந்துளையைச் சுற்றும் சூடான வாயுவும், இளம் நட்சத்திரமும், நியூட்ரான் நட்சத்திரமும் பேசும் பாஷை அந்தக் கதிர்கள்தான். அதைக் கேட்கக் காற்றுக்கு மேலே போயாக வேண்டும்.

அப்படிப் போனதுதான் அஸ்ட்ரோசாட். 2015 செப்டம்பர் 28-ஆம் தேதி காலை 10 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி30 ராக்கெட்டில் கிளம்பியது. எடை 1500 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். தரையிலிருந்து 650 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகையை ஒட்டி 6 டிகிரி சாய்வில் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு சுமார் 98 நிமிஷம். ஒரு நாளைக்குப் பதினாலு சுற்றுக்கு மேல்.

அதில் ஒரு கருவி அல்ல, பல கருவிகள். புற ஊதாக் கதிரில் பார்க்க 375 மில்லிமீட்டர் கண்ணாடி கொண்ட இரட்டைத் தொலைநோக்கி. மென்மையான எக்ஸ் கதிருக்கு ஒன்று. செனான் வாயு நிரப்பிய மூன்று பெட்டிகள். காட்மியம் ஜிங்க் டெலுரைடு என்ற படிகத்தால் ஆன கருவி ஒன்று. வானத்தைத் துழாவிக்கொண்டே இருக்கும் கருவி ஒன்று. பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனம், மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனம், புனே அயூக்கா, பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிறுவனம், இஸ்ரோ, கூடவே கனடாவும் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தவை. ஒரே பொருளை ஒரே நேரத்தில் பல கதிர்களில் பார்ப்பதுதான் இதன் தனிச்சிறப்பு.

காவலூர்த் தொலைநோக்கியின் கண்ணாடியில் தூசி படிந்தால் ஆள் போய்க் கழுவலாம். மேல்பூச்சு போனால் மறுபடி அலுமினியம் பூசலாம். அஸ்ட்ரோசாட்டை யாரும் தொட முடியாது. ராக்கெட் மூக்கு மூடியை மூடிய அந்த நாளோடு மனிதக் கை பட்டது முடிந்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் எண்கள்தான். நாம் அதற்குச் செய்ய முடிவதெல்லாம் கட்டளை அனுப்புவதுதான்.

பத்து நிமிஷத்தில் ஒரு உடல் பரிசோதனை

பெங்களூரில் இருக்கும் இஸ்ட்ராக் என்ற இஸ்ரோ மையம்தான் அதன் கட்டுப்பாட்டு அறை. செயற்கைக்கோள் நம் அடிவானத்துக்கு மேலே வந்து மறைய ஏறத்தாழ பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் சேமித்து வைத்த தகவலை இறக்க வேண்டும், அடுத்த வேலைக்கான கட்டளைகளை ஏற்ற வேண்டும், நாடியும் பிடித்துப் பார்க்க வேண்டும். பிறகு அது போய்விடும். அடுத்த சுற்றில்தான் பேச்சு.

நாடி என்றால் என்ன? பேட்டரியின் மின்னழுத்தம், சூரியத் தகடு தரும் மின்சாரம், ஒவ்வொரு பெட்டியின் வெப்பம், சக்கரங்களின் வேகம், கைரோ சொல்லும் சுழற்சி வேகம், கருவிகளின் உயர் மின்னழுத்தம் என்று எண்கள் வந்து கொட்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை உண்டு. எல்லையை நெருங்கினால் திரையில் மஞ்சள், தாண்டினால் சிவப்பு. சுற்றுக்கு ஒரு தரம் வெயில், ஒரு தரம் நிழல். 98 நிமிஷத்துக்குள் ஒரு சித்திரையும் ஒரு மார்கழியும் வந்து போகிற மாதிரி. அதற்கு நடுவில் தொலைநோக்கியின் குழாய் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் குவியம் நகர்ந்துவிடும். அதற்கு ஹீட்டர்கள். மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் சி.சி.டி. கேமராவோ மைனஸ் 80 டிகிரி வாக்கில் குளிர்ந்தே இருக்க வேண்டும். ஒரே வண்டியில் ஒருவனுக்குக் கம்பளி, இன்னொருவனுக்கு ஐஸ் கட்டி.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் சிவப்பு வந்தால்தான் பயப்பட வேண்டும் என்று நினைப்பார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. திருச்சுழிப் பக்கம் கண்மாய்க்கரையில் ராத்திரி நடந்த நீர்ப்பாய்ச்சிகளைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் வழிந்தால் ஊரே வேடிக்கை பார்க்க வரும். ஆனால் நீர்ப்பாய்ச்சி பயப்படுவது அதற்கு இல்லை. பாதிக் கண்மாய் தண்ணீர் இருக்கும்போதே கரையின் வெளிப்பக்கம் ஒரு கை அகலத்துக்கு ஈரம் தெரிந்தால், அன்றைக்கு அவர் தூங்க மாட்டார். நண்டு வளையோ எலி வளையோ, உள்ளே வழி ஆகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் மட்டம் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் கரை நலமாக இல்லை.

செயற்கைக்கோளிலும் அதேதான். எண் எல்லைக்குள் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. போன மாதம் எவ்வளவு இருந்தது, போன வருஷம் இதே வெயிலில் எவ்வளவு இருந்தது என்பது இரண்டாவது கேள்வி. ஒரு சக்கரம் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் அதற்கு இழுக்கும் மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது என்றால்? பம்புசெட் வைத்திருக்கும் எவரும் சொல்லிவிடுவார்கள், பேரிங் போகுது என்று. அந்த ஏற்றம் ஒரு நாளில் தெரியாது. ஆறு மாதப் பதிவை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே பதிவேடு எழுதுகிறவனும் விஞ்ஞானிதான்.

அசையாமல் நிற்பது என்றால் என்ன?

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். உடல்நலம் மட்டும் போதாது. தொலைநோக்கி ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மேலே பிடித்துக்கொள்ளத் தரையும் இல்லை, தூணும் இல்லை. வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு துல்லியம் என்பதை நம்ம ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை. ஆர்க் செகண்டு என்று படித்திருப்பீர்கள். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் சுமார் 15 கிலோமீட்டர். இங்கே நின்று பார்த்தால், திருச்சுழியில் ஒருத்தர் கையில் வைத்திருக்கும் கொய்யாப்பழத்தின் அகலம் ஒரு விகலை. அஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கி ஒன்றரை விகலை அளவுக்கு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும். அதாவது திருச்சுழியில் இருக்கும் உரித்த தேங்காய் அளவு. அமெரிக்காவின் ஹப்பிள் தொலைநோக்கி தன் பார்வையை 0.007 விகலைக்குள் நிறுத்தும். அது திருச்சுழியில் அரை மில்லிமீட்டர். ஒரு கடுகில் பாதிகூட இல்லை!

இதை எப்படிச் செய்கிறார்கள்? மூன்று உறுப்புகள். முதலாவது சக்கரம். இயற்பியல் லேபில் சுழலும் ஸ்டூலில் உட்கார்ந்து சைக்கிள் சக்கரத்தைப் பிடித்துப் பார்த்த மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சக்கரம் ஒரு பக்கம் வேகம் எடுத்தால் ஸ்டூல் மறுபக்கம் திரும்பும். செயற்கைக்கோளுக்குள் இருக்கும் சக்கரங்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் முழுக்கோளையும் திருப்புகிறார்கள். இரண்டாவது கைரோ. கண்ணை மூடிக்கொண்டே, "இப்போ இவ்வளவு வேகத்தில் திரும்புகிறேன்" என்று சொல்லும் உறுப்பு. மூன்றாவது நட்சத்திர உணரி. அது ஒரு கேமரா. எதிரே தெரியும் நட்சத்திரங்களைத் தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, "நான் இந்தத் திசையைப் பார்க்கிறேன்" என்று சொல்லும்.

கைரோ தாத்தா காலத்துக் கைக்கடிகாரம் மாதிரி. நாளைக்குக் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். நட்சத்திர உணரி ரேடியோவில் வரும் நேரம் மாதிரி. அதை வைத்து இதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். திருத்தம் சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் திசைக் காவலின் உயிர்நிலை.

சக்கரத்துக்கும் ஒரு தொல்லை உண்டு. சூரிய ஒளியின் மெல்லிய அழுத்தம், பூமியின் ஈர்ப்பு வேறுபாடு, மிச்சமிருக்கும் காற்றின் உராய்வு எல்லாம் கோளைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைச் சமாளித்துச் சமாளித்துச் சக்கரத்தின் வேகம் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அதற்கு மேல் ஏற முடியாது. அதனால் மின்காந்தச் சுருள்களை இயக்கி, பூமியின் காந்தப் புலத்தின் மேல் ஊன்றி, அந்த வேகத்தை இறக்கி வைப்பார்கள். தலைச்சுமையைச் சுமைதாங்கிக் கல்லில் இறக்கி வைக்கிற மாதிரி.

ஆட்டத்தை அளந்தால் போதும்

இவ்வளவு செய்தும் கோள் அசையத்தான் செய்கிறது. படத்துக்கு வேண்டிய ஒன்றரை விகலையைவிட அந்த அசைவு பல மடங்கு பெரியது. அப்படியானால் படம் கலங்கிப் போக வேண்டுமே? தறி போட்ட குடும்பத்தில் பிறந்த எனக்கு இது நன்றாகப் புரியும். பாவு அரை நூல் இடம் மாறினாலும் சேலையில் விழும் புட்டா சிதைந்துவிடும்.

இங்கேதான் ஒரு அழகான யோசனை. ஆட்டத்தை முழுக்க நிறுத்த முடியாவிட்டால், அதை அளந்துவிடு. புற ஊதாக் கருவி வழக்கமான கேமரா போல நிமிஷக்கணக்காகத் திறந்து வைத்துப் படம் எடுப்பதில்லை. வினாடிக்குச் சுமார் 29 சட்டங்கள் எடுக்கும். ஒவ்வொரு சட்டத்திலும் வந்து விழுந்த ஒளித்துகள் ஒவ்வொன்றின் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும். கூடவே சாதாரண வெளிச்சத்தில் பார்க்கும் இன்னொரு பிரிவு, அதே வானத்தின் நட்சத்திரங்களைச் சுமார் வினாடிக்கு ஒரு படமாக எடுத்து, கோள் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கு வைக்கும். பிறகு தரையில் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு துகளையும் அது இருக்க வேண்டிய இடத்துக்கு நகர்த்திப் படத்தைக் கோக்கிறார்கள். உதிரிப் பூவைத் தொடுக்கிற வேலை.

அதனால் என்ன கிடைத்தது? 2016 அக்டோபரில் வானத்தின் ஒரு சின்னப் பகுதியை 28 மணி நேரத்துக்கு மேல் இப்படிப் பார்த்தார்கள். ஒரே மூச்சில் அல்ல. இந்தக் கருவி கோள் இருட்டுப் பக்கம் இருக்கும்போதுதான் வேலை செய்யும். ஆகவே துண்டு துண்டாகச் சேர்த்த நேரம். புனே அயூக்காவின் கனக் சாஹா தலைமையிலான குழு அதை ஆராய்ந்து, 930 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து வந்த கடும் புற ஊதாக் கதிரைக் கண்டுபிடித்தது. ஏ.யூ.டி.எஃப்.எஸ்.-01 என்று அதற்குப் பெயர். 2020 ஆகஸ்டில் 'நேச்சர் அஸ்ட்ரானமி' இதழில் வெளியானது. நம் பூமியும் சூரியனும் பிறக்கும் முன்னே கிளம்பிய வெளிச்சம்! அது வந்து சேர்ந்த வினாடியில் கோள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்ற கணக்கு இல்லாமல் போயிருந்தால், அந்தத் துகள்கள் படத்தில் இறைந்து காணாமல் போயிருக்கும்.

ஒரு ஜப்பானியத் தொலைநோக்கியின் கதை

காவல் தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016 பிப்ரவரி 17-ல் ஜப்பான் 'ஹிட்டோமி' என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை அனுப்பியது. ஹிட்டோமி என்றால் கண்ணின் பாவை. உலகமே எதிர்பார்த்த கருவி. மார்ச் 26-ஆம் தேதி விடியற்காலை அதை ஒரு புதிய திசைக்குத் திருப்பினார்கள். திரும்பி முடித்த பிறகு, கைரோவின் பிழைத் திருத்தம் ஒரு தவறான எண்ணில் நின்றுவிட்டது. கோள் அசையாமல் நிற்கிறது. ஆனால் அதன் கம்ப்யூட்டரோ மணிக்கு 21.7 டிகிரி வேகத்தில் சுற்றுவதாக நம்புகிறது. கடிகாரத்தின் சின்ன முள் மணிக்கு 30 டிகிரி போகும். அதைவிட மெதுவான ஒரு பொய்!

அந்த இல்லாத சுழற்சியை நிறுத்த சக்கரங்கள் எதிர்ப்பக்கம் வேலை செய்தன. அதனால் கோள் உண்மையாகவே சுழல ஆரம்பித்தது. திருத்த வேண்டிய நட்சத்திர உணரியின் பேச்சு கைரோ சொன்னதோடு ஒத்துப்போகாததால், கம்ப்யூட்டர் அதை ஒதுக்கிவிட்டது. சக்கரங்களில் வேகம் ஏறி எல்லையை நெருங்கியதும் கோள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சிறு ராக்கெட் இஞ்சின்களை இயக்கியது. அவற்றுக்கு ஒரு மாதம் முன்பு மாற்றி அனுப்பிய எண்கள் சரியாகச் சோதிக்கப்படாதவை. சுழற்சி குறைவதற்குப் பதிலாகக் கூடியது. சூரியத் தகடுகள் பிய்ந்துபோயின. ஏப்ரல் 28-ல் ஜப்பானிய விண்வெளி நிறுவனம் இனி மீட்க முடியாது என்று அறிவித்தது.

எந்த உறுப்பும் உடைந்து தொடங்கிய விபத்து அல்ல அது. ஒரு தவறான எண்ணும், சரிபார்க்கப்படாத இன்னொரு எண்ணும் சேர்ந்தன. பார்க்க ஆள் இல்லாத சில மணி நேரத்தில் காரியம் முடிந்துவிட்டது. ஜப்பானியர்கள் அதை மறைக்காமல் விரிவான அறிக்கையாக வெளியிட்டார்கள். உலகமெங்கும் கட்டுப்பாட்டு அறைகளில் இருப்பவர்கள் அதைப் பாடமாகப் படித்தோம். 2023 செப்டம்பரில் 'எக்ஸ்ரிஸம்' என்ற பெயரில் அவர்கள் மறுபடி அனுப்பினார்கள். விழுந்தவர்கள் எழுந்த விதமும் பாடம்தான்.

முதுமையைப் பராமரிப்பது

அஸ்ட்ரோசாட்டுக்குக் குறித்த ஆயுள் 5 வருஷம். 2025 செப்டம்பரோடு 10 வருஷத்தைக் கடந்தது. அது நோயே இல்லாத ஆயுள் என்று நினைக்க வேண்டாம். 2018 மார்ச்சில் புற ஊதாக் கருவியின் ஒரு பிரிவு நின்றுபோனது, மற்றவை தொடர்ந்தன. செனான் பெட்டிகள் மூன்றில் ஒன்றில் வாயுக் கசிவு. இன்னொன்றின் அளவீடு நிலையில்லாமல் போனது. மூன்றாவதை நம்பி வேலை நடந்தது. ஒரு பிரிவு போனால் எந்த ஆராய்ச்சியை நிறுத்துவது, எதை வேறு வழியில் செய்வது என்று திட்டம் மாற்றுவதும் காவல்காரர் வேலையில் சேர்த்தி.

கருவியின் கூர்மை குறைகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எடைக்கல் வைத்துத்தான். புற ஊதாக் கருவி முதன்முதலில் பார்த்தது என்.ஜி.சி. 188 என்ற நட்சத்திரக் கூட்டம். அது வானத்தின் வட துருவத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் வருஷம் முழுக்கப் பார்க்கலாம். ஆகவே அதையே திரும்பத் திரும்பப் பார்த்து, அதே நட்சத்திரம் அதே பிரகாசத்தில் தெரிகிறதா என்று சரிபார்த்தார்கள். கருவியின் மேல் ஆவி படிந்துவிடக் கூடாது என்பதற்காக, ஏவிய பிறகு இரண்டு மாதம் காத்திருந்து 2015 நவம்பர் 30-ல்தான் அதன் கதவையே திறந்தார்கள். அவசரப்படாமல் இருப்பதும் ஒரு பராமரிப்பு!

மென் எக்ஸ் கதிர்க் கருவிக்குள் கதிரியக்க இரும்பு-55 வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து வரும் கதிரின் ஆற்றல் நமக்குத் தெரியும். கருவி அதையே காட்டுகிறதா என்று பார்க்கலாம். ஆனால் அந்த எடைக்கல்லும் தேயும். 2.7 வருஷத்துக்கு ஒரு முறை பாதியாகும். பத்து வருஷத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். தேய்வதும் கணக்கோடுதான் தேய்கிறது. அந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருந்தால் தேய்ந்த கல்லிலும் சரியாக எடை போடலாம்.

வெளிநாட்டிலும் இப்படித்தான். கெப்ளர் தொலைநோக்கியின் நான்கு சக்கரங்களில் இரண்டாவது 2013 மே மாதம் பழுதானபோது கதை முடிந்தது என்றார்கள். சூரிய ஒளியின் அழுத்தத்தையே மூன்றாவது தாங்கலாக வைத்து நிறுத்தக் கற்றுக்கொண்டு, 2018 வரை வேலை வாங்கினார்கள். 1990-ல் போன ஹப்பிளை 2024 ஜூன் மாதத்திலிருந்து ஒரே கைரோவை வைத்து நடத்தும் முறைக்கு மாற்றினார்கள். கிழவரைக் கைத்தடி கொடுத்து நடத்திப் போகிற மாதிரி.

நமக்கு என்ன?

தம்பி தங்கைகளே, இந்த வேலை ஐ.ஐ.டி.யில் படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கட்டுப்பாட்டு அறைகளில் டிப்ளமா படித்தவர்கள் இருக்கிறார்கள், பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. படித்தவர்கள் இருக்கிறார்கள். சூரியனைப் பார்க்க 2023 செப்டம்பர் 2-ல் போன ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்து திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். நம்மிடமிருந்து எத்தனை தூரம்?

இன்னொன்று. அஸ்ட்ரோசாட் சேர்த்த தகவல்களை 2018-லிருந்து எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பெயரைப் பதிந்துகொண்டால் நீங்களே இறக்கிக்கொள்ளலாம். பணம் கட்ட வேண்டியதில்லை. நம்ம எம்.எஸ்ஸி. பிள்ளைகள் புராஜக்டுக்காக மதுரைக்கு அலைந்து யாரோ செய்து வைத்ததை வாங்கி பைண்டு பண்ண வேண்டிய அவசியம் இல்லை. ஒரு நட்சத்திரத்தை எடுத்து, பல வருஷப் பதிவை வரிசையாக வைத்து, எது நட்சத்திரத்தின் மாற்றம், எது கருவியின் மாற்றம் என்று பிரித்துப் பாருங்கள். அதைச் செய்தவனுக்கு இண்டர்வியூவில் பயம் இருக்காது.

அதற்குப் பெரிய மூளைகூட வேண்டாம், பழக்கம் வேண்டும். எங்க அப்பா பக்கத்து வீட்டுக்காரரோடு திண்ணையில் பேசிக்கொண்டே இருப்பார். உள்ளே ஓடும் தறியின் சத்தம் ஒரு துளி மாறினால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவார். நூல் அறுந்திருக்கும். எங்கள் காதில் ஒன்றும் விழுந்திருக்காது. முப்பது வருஷம் நான் சம்பளம் வாங்கியது அந்த ஒரு வித்தைக்குத்தான்.

நண்பர்களே, கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. நாம் எல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகு, படித்த இடத்துக்கு ஏதாவது செய்ய ஆசைப்படுகிறோம். கருவி வாங்கித் தருகிறோம், அறை கட்டித் தருகிறோம், வாசலில் பேர் பொறித்த கல் வைக்கிறோம். நல்ல காரியம். ஆனால் வாங்கித் தந்த கருவி மூன்றாவது வருஷம் எப்படி இருக்கிறது என்று கேட்க யாரும் வருவதில்லை. எந்த ஊரில், எந்தக் கல்லூரியில் போய்ப் பார்த்தாலும் லேபில் ஒரு மூலையில் துணி போட்டு மூடிய சாமான் இருக்கும். அதற்குப் போனது ஐம்பது ரூபாய் ஃபியூஸாக இருக்கும். நம் கண்மாய்களின் கதையும் அதுதானே. வெட்டியவர்கள் பேர் கல்வெட்டில் இருக்கிறது. வரத்துக்கால் தூர்ந்து, உள்வாயெல்லாம் சீமைக்கருவேலம் மண்டியபோது கேட்க ஆள் இல்லை. நீர்ப்பாய்ச்சிக்குக் கொடுத்த நெல்லை ஊர் நிறுத்தியது; அவர் பிள்ளை திருப்பூருக்குப் போய்விட்டான். கரையை யார் பார்ப்பது?

ஆகவே இந்த வருஷம் சங்கம் சேர்க்கும் பணத்தில் ஒரு பகுதியைப் புதுச் சாமானுக்குச் செலவழிக்க வேண்டாம். இருப்பதைப் பழுது பார்க்கவும், பதிவேடு வைக்கவும், அதைப் பொறுப்பெடுத்துச் செய்யும் இரண்டு மாணவர்களுக்கு மாதம் ஒரு தொகை கொடுக்கவும் ஒதுக்குவோம். இயற்பியல் துறையில் ஒரு அறை, நாலு கம்ப்யூட்டர், ஒழுங்கான இணைய இணைப்பு இருந்தால் அஸ்ட்ரோசாட் தகவல் இங்கேயே வந்து இறங்கும். முதல் வருஷத்துக்கான செலவில் என் பங்கைச் செயலாளரிடம் இன்றைக்கே கொடுத்துவிட்டேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நானே வந்து பிள்ளைகளோடு உட்காரவும் தயார். பெங்களூரிலிருந்து வருகிற நண்பர்கள் இன்னும் மூன்று பேர் அதே மாதிரி ஒரு சனிக்கிழமையை எடுத்துக்கொண்டால் மாதம் முழுக்க நிறைந்துவிடும். கை தூக்குகிறவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் என்னைப் பாருங்கள். சாப்பிட்ட பிறகு மனசு மாறிவிடும்.